திருத்தம் ஏழு

அணு உலைக்கு இன்னும் அடிக்கல் விழவில்லை.
உலைக்கு முன் சாலை,
சாலைக்கு முன் காகிதம்,
காகிதத்தின் முன் நான்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

சஃபோக் கடலோரம், ஹெல்மர்ஷம்.
நூற்றுப் பன்னிரண்டு வீடு. எதிரே ஒரு கார் வந்தால்
இன்னொன்று வேலிப்புதரில் தோளைச் செருகிக்கொள்ளும் தெரு.
குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டு
ஒரு வாரம் எண்ணினோம்: எழுநூற்று ஆறு வண்டி.
அதில் ஒரு குதிரையைக் கருவி
இரண்டு வண்டி என்று எழுதியிருந்தது.
இந்தத் தெருவில் ஒருநாள் மின்மாற்றி வரும்,
முந்நூறு டன், நூற்றறுபது சக்கரம்,
மாப்பிள்ளை ஊர்வலம் போல
முன்னும் பின்னும் ஆள் வைத்துக்கொண்டு,
நடப்பவரை விட மெதுவாக.

கணினியில் அதை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தேன்.
பச்சைக் கோடு சக்கரத்தின் தடம்.
சிவப்புக் கோடு, உடம்பு வீசித் திரும்பும் எல்லை.
தபால்பெட்டித் திருப்பத்தில் சிவப்பு
மூலை வீட்டு வரவேற்பறைக்குள் நாற்பது சென்டிமீட்டர் நுழைந்து
சோஃபாவில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தது.

திருத்தம் இரண்டு: பட்டாணி வயல் நடுவே புதுச் சாலை.
திருத்தம் மூன்று: வயலில் களிமண், மழைக்குத் தாங்காது.
நான்கில் வௌவால்கள் வந்தன.
பழைய வேலிமரங்களின் ஓரமாகத்தான் இரைக்குப் போகுமாம்,
வெட்டினால் வழி தவறுமாம்.
ஐந்தாவதை யாருக்கும் காட்டவில்லை.

சாலைக்குத் தரையோடு தகராறு. கம்பிக்கு வானத்தோடு.
பதினான்கு கோபுரம்; ஒன்றை நகர்த்தினால்
பந்தியில் ஒருவர் தள்ளி உட்கார்ந்தாற்போல்
வரிசையே நெளியும்.
கம்பி நேர்கோடல்ல. வெயிலில் தொய்யும்,
அதிகம் சுமந்தால் அதிகம் தொய்யும்.
அந்தத் தொய்வுக்கு ஒரு சூத்திரம் உண்டு.
பத்து வருடமாகப் போடுகிறேன்,
போடும்போதெல்லாம் தோளைத் தடவிக்கொள்கிறேன்.

சமூகக் கூடத்துச் சுவரில் திருத்தம் ஆறை ஒட்டிவிட்டு நின்றேன்.
கதிர்வீச்சுக்கு நாலு பக்கம் பதில் கைவசம் இருந்தது.
யாரும் கேட்கவில்லை.
பட்டாணிக்காரர் கீத் லாம்பர்ட் கேட்டார்:
"டிராக்டர் எந்தக் கேட் வழியாக?"
இன்னொருவர், கோபுரங்களின் மேல் விரல் ஓட்டி:
"தலைக்கு மேல் போகிறதே, இதில் எங்கள் ஊருக்கு எவ்வளவு?"
ஒரு சொட்டும் இல்லை, ஐயா.
நான்கு லட்சம் வோல்ட்.
கொக்கி போட முடியாது,
என்பதை மட்டும் மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்த மூன்று நாளைச் சொல்ல வேண்டியிருந்தது.
பெரிய கம்பியைக் குறுக்கே இழுக்கும்போது
கீழே ஊர்க் கம்பியில் உயிர் இருக்கக் கூடாது.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை.
மாதாந்திரப் பராமரிப்பில் வளர்ந்தவள்;
இந்த ஒரு வரியை எழுத மட்டும்
எனக்குத் திருத்தம் தேவைப்படவில்லை.

மூலை வீட்டு ஜாய்ஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.
"ரோஜருக்கு ஆக்ஸிஜன் கருவி ஓட வேண்டும். எந்த வருடம்?"
இரண்டாயிரத்து முப்பத்திரண்டு, ஏப்ரல்.
விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்ததும் நிறுத்திக்கொண்டார்.
"அதுவரை இருக்க மாட்டார்," என்றார்,
பேருந்து நேரம் சொல்லும் குரலில்.
"ஆனாலும் எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டேன்.
மூலை வீடு. கருவி ஒன்று. இருநூற்று முப்பது வோல்ட்.
இரவு, ஜெனரேட்டர் ஏற்றிய ஒரு சின்ன வண்டியைத்
தபால்பெட்டித் திருப்பத்தில் ஓட்டிப் பார்த்தேன்.
சிவப்புக் கோடு சுவரைத் தொடவில்லை.
வாசலில் நிறுத்த இடம் இருந்தது.
தேதி போட்டுச் சேமித்தேன்.